நவச்சாரமும் முன்னறையும்

எங்கள் வீட்டு முன்னறையை எவருக்கும், எக்காலத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினேன். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

நெருக்கடிக்குக் காரணம் பூவாளி. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற, மூக்கில் சல்லடை வைத்த தகர வாளி. என் மனைவி அதைச் செய்கிறாள். தகரத்தை வெட்டி, வளைத்து, விளிம்பு மடித்து, மூட்டில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறாள். ஒரு சொட்டு ஒழுகாது. நாற்றுப் பண்ணைக்காரர்கள் வாசல் தேடி வந்து வாங்கிப்போகிறார்கள். நான் வாழ்நாளெல்லாம் வாசல் வாசலாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். இலவசமாகக் கொடுத்தேன். ஒருவன் தேடி வந்து வாங்கியதில்லை.

அதுவரை அவள் பட்டறை அடுப்படியில்தான் இருந்தது. மேடையில் ஒரு பக்கம் சமையல், மறு பக்கம் தகரம். துணைக்கு மாடிவீட்டம்மா வருவார். மாடிவீட்டம்மா வளைப்பார், இவள் பற்றவைப்பாள். இரண்டு பேரும் ஓயாமல் பேசுவார்கள். வியாபாரம் பெருகியது. அடுப்படியில் பூவாளிகள் அடுக்கடுக்காய் நின்றன. கரண்டி எடுக்கக் கை நீட்டினால் பூவாளி மூக்கு கையில் வந்தது.

ஒரு காலை, நான் செய்தித்தாளில் இருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"என்னங்க, திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க முன்ரூமுக்கு வந்துடுறோம்."

"நாங்கன்னா யாரு?"

"நானும் மாடிவீட்டம்மாவும். அப்புறம் தகரம்."

"இங்க நான் இருக்கேனே."

"நீங்க எங்க இருக்கீங்க? உக்காந்துதானே இருக்கீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

முன்னறை என்றால் என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எதிரெதிரே இரண்டு பெரிய ஜன்னல்கள். ஒரு மர நாற்காலி. எங்கள் தொழிற்சங்கம் கலைந்தபோது என் பங்குக்கு வந்த, பிரசுரம் அச்சடிக்கிற சைக்ளோஸ்டைல் இயந்திரம். ஓர் இரும்பு அலமாரி. அது நிறைய நான் எழுதிய பிரசுரங்கள். மாலையானால் பழைய தோழர் ஒருவர் வருவார். எதற்கெடுத்தாலும் தீர்மானம் போடச் சொல்வதால் அவருக்குத் தீர்மானம் என்றே பெயராகிவிட்டது. டீ நன்றாக இருந்தால் நன்றித் தீர்மானம். ஆறிப்போயிருந்தால் கண்டனத் தீர்மானம். நாங்கள் இருவரும் அந்த அறையில் உட்கார்ந்து உலகத்தைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டுவோம். அந்த அறைக்குள் நான் தலைவர். வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கினால் பூவாளிக்காரம்மாவின் வீட்டுக்காரர். அறை போனால் என்னிடம் மிஞ்சுவது அந்த இரண்டாவது பட்டம் மட்டும்தான்.

முடியாது என்று நேராகச் சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. பெண்ணுக்குச் சொந்த உழைப்பும் சொந்த வருமானமும் வேண்டும் என்று நான் முழங்காத மேடை இல்லை. அந்த மேடைகளில் பாதிக்கு அவள்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. உட்கார்ந்து கேட்டுத் தொலைத்தாள்.

யோசித்துக்கொண்டே டீக்காக அடுப்படிக்குள் போனேன். அப்போதுதான் வழி பிறந்தது.

அவள் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கி, அதன் செம்பு முனையை ஒரு வெள்ளைக் கட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுர்ரென்று சத்தம். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. கறுத்திருந்த முனை பளபளவென்று வந்தது. மாடிவீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். என் தொண்டையும் கமறியது.

நவச்சாரம். படித்தவர்கள் அம்மோனியம் குளோரைடு என்பார்கள். என் பழைய எதிரி.

டார்ச்சு விளக்குக்குப் போடுகிற செல் செய்யும் தொழிற்சாலையில்தான் என் ஆயுள் கழிந்தது. செல்லுக்குள் அடைக்கிற கறுப்புக் குழம்பில் நவச்சாரம் உண்டு. அதை மூட்டை மூட்டையாகக் கொட்டி அரைப்போம். தூள் பறக்கும். கண் எரியும். மூக்கு ஒழுகும். கை வெடித்த இடத்தில் பட்டால் உயிர் போகும். "வெறும் உப்புதானே, சாப்பாட்டு உப்பு மாதிரி" என்றார் நிர்வாகத்தின் மருத்துவர். அவர் அதைத் தன் சாப்பாட்டில் போட்டு நான் பார்த்ததில்லை. நான் கல்லூரி வாசலில் பிரசுரம் கொடுத்தவனே தவிர உள்ளே போனவன் அல்லன். ஆனாலும் நாலு பக்க வெளியீடு, எட்டு பக்க வெளியீடு என்று தேடித் தேடிப் படித்து இந்த உப்பின் ஜாதகத்தையே கணித்துவைத்தேன். பெரிய கோரிக்கை மனு ஒன்றை எழுதினேன். காற்றாடி கேட்டோம், முகமூடி கேட்டோம், கையுறை கேட்டோம், தனிச் சாப்பாட்டு அறை கேட்டோம். போராட்டத்தின் முடிவில் ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. மூக்கைத் துடைத்துக்கொள்ள. அடுத்த வருடம் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கோரிக்கை எழுதுவதில் ஒரு சாத்திரம் இருக்கிறது. வேண்டியது ஒன்று என்றால் பத்து கேட்க வேண்டும். நிர்வாகம் பத்தையும் மறுக்கும். நாம் முறைப்போம். அவர்கள் முறைப்பார்கள். கடைசியில் ஒன்பதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுப்போம். அந்தப் பெருந்தன்மைக்கு விலையாக ஒன்று வந்துசேரும். வாழ்நாளில் இந்தச் சாத்திரத்தை நான் மீறியதில்லை. மீற வேண்டிய தேவையும் வந்ததில்லை. எந்த நிர்வாகமும் எதையும் முழுசாகக் கொடுத்ததில்லை.

இங்கே எனக்கு வேண்டியது ஒன்று. முன்னறை. ஆகவே நவச்சாரத்தின் பேரில் ஒரு கோரிக்கை மனு. படித்தால் தலை சுற்ற வேண்டும். ஒரு பூவாளிக்காக இத்தனையும் யார் செய்வது என்று அவள் கையை விரிக்க வேண்டும். அப்போது நான், "சரி போகட்டும், எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன், நீ முன்னறையை விட்டுக்கொடு" என்பேன். பழைய மனுவை அலமாரியிலிருந்து எடுத்தேன். நிர்வாகம் என்று இருந்த இடத்தில் எல்லாம் 'பூவாளிப் பட்டறை' என்றும், சாப்பாட்டு அறை என்று இருந்த இடத்தில் எல்லாம் 'அடுப்படி' என்றும் திருத்தினேன்; நவச்சாரத்தோடு ஈயத்தையும் சேர்த்துக்கொண்டேன். மற்றதில் கை வைக்கவில்லை. கை வைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

சைக்ளோஸ்டைலில் ஓட்டி எடுத்து அடுப்படிக் கதவில் ஒட்டினேன். "வெள்ளையாக இருப்பதெல்லாம் சாது அல்ல" என்று ஆரம்பம். "இந்த உப்பு சூடு பட்டால் உருகுவதில்லை. நேராகப் புகையாகிறது. உழைப்பவரின் கண்ணிலும் தொண்டையிலும் குடியேறுகிறது. இரும்பைத் தின்கிறது. செம்பையும் பித்தளையையும் அரிக்கிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிதட்டி, ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது." இப்படியே போகும். அடியில் கோரிக்கைகள். அச்சு மையின் வாசனையை முகர்ந்தபோது பாதி வயது குறைந்தது.

இரண்டு பெண்களும் கதவருகில் நின்று படித்தார்கள்.

"என்ன அண்ணே, எங்க மேலயே நோட்டீஸ் ஒட்டிட்டீங்க?" என்றார் மாடிவீட்டம்மா.

"உங்க மேல இல்லம்மா. உங்களுக்காக."

"எங்களுக்காகன்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"தலைமை கேட்டுட்டு இருக்காது. வழிகாட்டும்."

மனைவி விரல் வைத்து வரி வரியாகப் படித்து முடித்தாள்.

"என்னங்க, இதெல்லாம் நெசமா? இல்ல கூட்டத்துல பேசுற மாதிரியா?"

இந்தக் கேள்வி என்னைக் குத்தியது. நான் எழுதியதில் ஒரு வரி பொய் கிடையாது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அது அவசியமே இல்லை. ஆனால் வருடக்கணக்காக எனக்குக் கூட்டம் கூடவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி நவச்சாரத்தைப் போட்டுக் கலக்கினேன். "தொட்டுப் பாரு."

"ஐஸ் மாதிரி இருக்குங்க."

"தண்ணியில கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கும். அப்படியே உன்னையும் உறிஞ்சிக்கும்."

"அது நீங்களே செய்யுறீங்க. மேல சொல்லுங்க."

ஒரு சிட்டிகையைத் தகரத் துண்டில் வைத்துச் சூடு காட்டினேன். வெள்ளைப் புகை எழுந்து, தகரம் வெறுமையானது. புகை போன வழியில், சுவரில் வெண்பூச்சாகப் படிந்தது. "பாத்தியா, காணாம போகல. சுவத்துல படிஞ்ச மாதிரிதான் நெஞ்சுலயும் படியும்." மாடிவீட்டம்மா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டம் என் கைக்குள் வந்துவிட்டது. அடுத்து, கொஞ்சம் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை சேர்த்துத் தேய்த்து நீட்டினேன். கழிப்பறை நெடி மூக்கைப் பிடுங்கியது. மூன்று பேரும் பின்வாசலுக்கு ஓடினோம்.

"இது அம்மோனியா" என்றேன், கண்ணீரோடு. "சுண்ணாம்பு, சலவை சோடா, இது பக்கத்துலயே நவச்சாரத்தை வைக்கக் கூடாது. ப்ளீச்சிங் பவுடரோட மட்டும் சேரவே கூடாது. அதுல வர்ற வாயு ஆளையே சாய்ச்சுடும். அதைக் காட்ட மாட்டேன்."

"காட்ட வேணாம் அண்ணே, நம்புறோம்."

மனைவி கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி நோட்டீஸ் முன்னால் நின்றாள். முகம் யோசனையில் இருந்தது. நிர்வாகம் ஆடிப்போயிருக்கிறது என்று கணித்தேன்.

"அடுப்படியில வச்சு இந்த வேலை செய்யவே கூடாதுன்னு போட்டிருக்கீங்க."

"கூடவே கூடாது. பாக்க சர்க்கரை மாதிரி, உப்பு மாதிரி இருக்கு. அவசரத்துல சமையல்ல போட்டா?"

"சரிதான். எதிரும் புதிருமா ஜன்னல் இருக்கிற எடமா இருக்கணும்?"

"ஒரு பக்கம் காத்து வந்து மறு பக்கம் புகை போகணும். அதான் விதி."

"ஒத்த ஜன்னல் பத்தாது?"

"பத்தாது. விட்டுக்கொடுக்கிற பேச்சே இல்ல."

"அந்த எடத்துல யாரும் எதையும் திங்கவோ குடிக்கவோ கூடாது?"

"ஒரு வாய் தண்ணி கூட."

"வேலை செய்யாத ஆளு அங்க உக்காந்திருக்கக் கூடாது?"

இதற்குப் பதில் சொல்லும்போது, மாடிவீட்டம்மாவைத் தேடி வந்து அரட்டையடிக்கும் தோழிகளைத்தான் நினைத்துக்கொண்டேன். "சும்மா வர்றவங்களுக்கு அங்க என்ன வேலை? வாசல்லயே நிறுத்தணும்."

"இரும்புச் சாமான்?"

"துருப் பிடிச்சு நாசமாயிடும். ஒண்ணு விடாம வெளிய போகணும்."

அவள் தலையாட்டினாள். "எனக்கு ஒரு ராத்திரி டைம் குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

அவகாசம் கேட்கிறது நிர்வாகம். இந்தச் சொற்களைக் கேட்கும்போது தொழிலாளர் தலைவன் நெஞ்சு எப்படி விம்மும் என்பது உங்களுக்குத் தெரியாது. மாலையில் தோழர் தீர்மானம் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். முன்னறை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. உள் நோக்கத்தைத் தொண்டரிடம் சொல்கிற வழக்கம் எங்கள் இயக்கத்தில் இல்லை.

"நவச்சாரமா? நம்ம பழைய மனுவா?" என்று தீர்மானம் கண் கலங்கினார். "அது செத்துப்போச்சுன்னு நெனச்சேன் தோழரே."

"கோரிக்கைக்குச் சாவே கிடையாது தோழரே."

"இதுக்கு ஒரு தீர்மானம் போடணும்."

போட்டோம்.

மறுநாள் காலை செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டிய வாசகங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்தாள். பின்னால் மாடிவீட்டம்மா, தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு. தீர்மானமும் நின்றிருந்தார். காலையில் அவர் வருகிற ஆள் இல்லை.

"யோசிச்சேங்க" என்றாள் மனைவி. "நீங்க எழுதினது அத்தனையும் நியாயம். நானும் கொஞ்ச நாளா இருமிக்கிட்டுத்தான் இருக்கேன். சொன்னா வேலைய நிறுத்தச் சொல்லிடுவீங்களோன்னு சொல்லல. ஒண்ணு விடாம ஏத்துக்கிட்டோம்."

"எதை?"

"கோரிக்கைய. முழுசா."

ஐந்து வகை மறுப்புக்கு என்னிடம் பதில் இருந்தது. கோரிக்கையை ஒத்துக்கொண்டால் என்ன சொல்வது என்று எந்தப் பிரசுரத்திலும் போட்டிருக்கவில்லை.

"முழுசா ஏத்துக்கக் கூடாதும்மா" என்றேன். "கொஞ்சம் மறுக்கணும். பேசணும். அதான் முறை."

"உசிரு விஷயத்துல பேரம் என்னங்க? நீங்கதானே எழுதியிருக்கீங்க, 'உழைப்பவரின் மூச்சு பேரப்பொருள் அல்ல'ன்னு."

எழுதியிருந்தேன். தடித்த எழுத்தில்.

"எதிரும் புதிருமா ஜன்னல் இருக்கிறது வீட்டுலயே இந்த ரூம்தான்" என்று அவள் சுற்றிப் பார்த்தாள். "அதனால பட்டறை இங்க. திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே. இரும்பு இருக்கக் கூடாது, அதனால அலமாரியும் அச்சு மெஷினும் வெளிய. சாப்பிடக் குடிக்கக் கூடாது, அதனால சாயங்காலம் இங்க டீ கெடையாது. வேலை செய்யாதவங்க உக்காரக் கூடாது." இந்த இடத்தில் நிறுத்தி, என் நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அவளுக்கு எப்போதும் உண்டு. "எந்திரிங்க."

"பட்டறைத் தகரமும் இரும்புதானே?" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அது துருப்பிடிக்காதா?"

"சாயங்காலமானா பூவாளிய ஒரு தடவ கழுவி, தொடச்சு, மாடியில கொண்டுபோய் வச்சுடுவோம் அண்ணே. உங்க மெஷினைத் தினமும் மாடிக்குத் தூக்க முடியுமா?" என்றார் மாடிவீட்டம்மா.

"நான் கோரிக்கைய வாபஸ் வாங்கிக்கிறேன்."

தீர்மானம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முன்பே அறிவேன். துண்டை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம் என்று அன்றைய பெரிய தலைவர் சொன்னபோது அவரை இப்படித்தான் பார்த்தார். அந்தத் தலைவரோடு அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

"தோழரே" என்றார் தீர்மானம், மெதுவாக. "விளையாட்டுக்குத்தானே சொன்னீங்க?"

"விளையாட்டுக்குத்தான்."

"அதானே பாத்தேன். நம்ம வரலாத்துலயே இதுதான் முழு வெற்றி. ஒரு நாள் வேலைநிறுத்தம் கூட இல்லாம. காலையில தங்கச்சி வந்து சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

அவரைக் காலையில் கூட்டி வந்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. அலமாரியைத் தூக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டாளோ, நான் பின்வாங்காமல் இருக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டாளோ, இரண்டுக்கும் அவர் உதவினார். அலமாரியின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். என் வீட்டிலிருந்து என்னையே காலி செய்கிற வேலையில் எனக்கும் சம பங்கு. வாசற்படியில் இடித்துக்கொண்டு, "வெற்றி, வெற்றி" என்று முனகிக்கொண்டே தீர்மானம் தூக்கினார். கனத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வேறு காரணத்தால்.

அலமாரிக்கும் இயந்திரத்துக்கும் எங்கே இடம்? பின்னறையில் ஒற்றைக் கட்டில் போடத்தான் இடம். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. புகை நீங்கி, தகரம் நீங்கி, சுத்தமாகக் கழுவி விடப்பட்டிருந்தது.

"அடுப்படி காலியாத்தானே இருக்கு" என்றாள் மனைவி. "உங்களுக்குத் தோதா இருக்கும். அடுப்புப் பக்கத்துலயே டீயும் ஆச்சு."

உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு மணி நேரம் அது எனக்குப் பிடித்திருந்தது. நாற்காலியை மேடைக்கு அருகில் போட்டுக்கொண்டேன். கை நீட்டினால் அடுப்பு. தலைமையகத்தை இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான் என்று தீர்மானத்திடம் சொன்னேன். அவர் அதற்கும் ஒரு தீர்மானம் போடலாம் என்றார்.

நண்பகல் நெருங்கியது. முன்னறையில் சுத்தியல் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன. பசித்தது. எட்டிப் பார்த்தேன். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. காற்று ஜிலுஜிலுவென்று குறுக்கே ஓடியது. நவச்சாரக் கட்டியில் இரும்பைத் தேய்த்ததும் எழுந்த வெள்ளைப் புகை, கலங்காமல் குலையாமல் ஒரு கோடாக ஜன்னல் வழியே வெளியேறியது. மூடி போட்ட கண்ணாடிச் சீசாவில் மிச்சத் தூள், மேலே 'நவச்சாரம், தின்னக் கூடாது' என்று சீட்டு. இரண்டு பேரும் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தார்கள். மனைவி இருமவில்லை. தொழிற்சாலையில் நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த அத்தனையும் என் வீட்டு முன்னறையில் நடந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"அண்ணே, உள்ள வராதீங்க" என்றார் மாடிவீட்டம்மா. "வேலை இல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல."

வாசற்படிக்கு வெளியே ஒதுங்கினேன். "மணியாச்சு. சமையல்?"

"அதாங்க நானும் யோசிக்கிறேன்" என்றாள் மனைவி, மூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நவச்சாரமும் ஈயமும் பட்ட கையோட, பட்ட துணியோட அடுப்படிக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் குளிச்சு, துணி மாத்தி, சமைச்சு, மறுபடி வேலைக்கு வந்தா ஒரு பூவாளி முடியாது. சாயங்காலம் வரைக்கும் நான் அங்க வர முடியாது."

"அப்போ யாரு சமைக்கிறது?"

அவள் இரும்பைக் கட்டியில் தேய்த்தாள். சுர்ரென்றது.

அடுப்படிக்குத் திரும்பினேன். அங்கே நானும் அடுப்பும்தான் இருந்தோம். அடுப்பு என்னைப் பார்த்தது.

சமைத்தேன். வேண்டுமென்றே மோசமாகச் சமைத்தேன் என்று இங்கே பதிவு செய்கிறேன். வேலையைச் செய்துகொண்டே கெடுப்பது எங்கள் இயக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட போராட்ட வடிவம். பருப்பைக் கருக்கினேன். காயை வேகவிடவில்லை. இரண்டு நாள் இதைத் தின்றால் நிர்வாகம் தானாக வழிக்கு வரும்.

கைகால் கழுவிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு பெண்களும் சாப்பிட்டார்கள். தீர்மானமும் சாப்பிட்டார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

"முதல் நாளைக்கு இது பரவாயில்ல" என்றார் மாடிவீட்டம்மா.

"தோழர் கையால முதல் சமையல்" என்றார் தீர்மானம், கருகியதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே. "பாராட்டுத் தீர்மானம்..."

"போடாதீங்க" என்றேன்.

மனைவி நிதானமாக மென்று முடித்தாள். "பருப்பு கொஞ்சம் தீஞ்சிருக்கு. காய் வேகல. கத்துக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் அவசரம் இல்லங்க, பயிற்சிக் காலத்த வேணும்னா நீட்டிச்சுக்கலாம்."

பயிற்சிக் காலம். இந்த வார்த்தையை நான் எத்தனை நிர்வாகத்தின் வாயில் கேட்டிருக்கிறேன். நன்றாகச் சமைத்தால் இந்த வேலை எனக்கே நிரந்தரம். மோசமாகச் சமைத்தால் பயிற்சி முடியவே முடியாது. இரண்டு கதவையும் சாத்திவிட்டாள்.

ஆனால் அடங்கிப்போகிற ரத்தம் இல்லை என்னுடையது. பாத்திரம் கழுவி முடித்ததும் சைக்ளோஸ்டைலைத் துடைத்தேன். அடுப்படித் தொழிலாளரின் நியாயமான கோரிக்கைகள் என்று தலைப்பு எழுதினேன். வாரம் ஒரு நாள் விடுமுறை. மாலை நேரத்தில் முன்னறையைப் பொது உபயோகத்துக்குத் திறந்துவிடுதல். இந்தத் தடவை பத்து கேட்கவில்லை. வேண்டியதை மட்டும் கேட்டேன். அனுபவம் எதற்கு இருக்கிறது.

தாளோடு போய் முன்னறை வாசற்படியில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை.

மனைவி துணியை மூக்கிலிருந்து இறக்கி, என் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"கோரிக்கை."

"பயிற்சியில இருக்கறவங்க அதெல்லாம் வைக்க முடியாதுங்க" என்றாள். "முதல்ல வேலை நிரந்தரம் ஆகட்டும்."